யார் காதுக்கு

1963-ஆம் ஆண்டின் வசந்தத்தில் ரிங்கோ ஸ்டார் புது டிரம்ஸ் செட் வாங்கப் போனார். லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் ‘டிரம் சிட்டி’ என்று ஒரு கடை. நடத்தியவர் ஐவர் ஆர்பிட்டர். பீட்டில்ஸ் குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீனும் கூடப் போயிருந்தார். அங்கே கிடந்த நிற மாதிரிகளில் ஒன்று ரிங்கோவுக்குப் பிடித்துப்போயிற்று. ஆய்ஸ்டர் பிளாக் பேர்ல் என்று பெயர். கறுப்பும் சாம்பலும் வெள்ளியும் அலையலையாகக் கலந்த பிளாஸ்டிக் உறை. அந்த நிறத்தில் செட் செய்துகொண்டிருந்தது சிகாகோவின் லட்விக் நிறுவனம். ஆகவே லட்விக் வாங்கினார். 20 அங்குல பேஸ் டிரம், 12 அங்குல டாம், 14 அங்குல ஃப்ளோர் டாம். மறு ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை அமெரிக்காவில் சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்து குவிந்த ஆர்டர்களுக்கு ஈடுகொடுக்க லட்விக் தொழிற்சாலை இரவும் பகலும் ஓடவேண்டியிருந்தது.

டிரம்ஸ் வரலாற்றில் இதைவிடப் புகழ்பெற்ற தேர்வு இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்தது கண்.

குறையாகச் சொல்லவில்லை. அந்த செட் அருமையாகவே ஒலித்தது. ஆனால் அப்படி ஒலித்ததற்கான காரணங்களைக் கடையில் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. ரிங்கோ இடது கைப் பழக்கமுள்ளவர். வலது கைக்காரர்களுக்கென்று அடுக்கிய செட்டில் உட்கார்ந்து வாசித்தார். அதனால் டாம்களில் உருட்டிக்கொண்டு போகும்போது கை ஓர் இடத்தில் தாமதிக்கும், அந்தத் தாமதத்தைச் சரிக்கட்ட இன்னோர் இடத்தில் முந்தும். ஹைஹாட் என்ற இரட்டைச் சிம்பலை இறுக மூடாமல் சற்றே திறந்து வைத்துக்கொண்டு பக்கவாட்டில் வீசி அடிப்பார். அந்தச் சீறல்தான் 1964 பாடல்களின் அடித்தளம். இவை எதுவும் விலைப்பட்டியலில் வருவதில்லை.

அப்படியென்றால் கடைக்குப் போய்க் காதால் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. எதை, எங்கிருந்து, யாருக்காகக் கேட்கிறோம் என்பது தெளிவாகாதவரை அந்தக் கேட்டலால் பயனில்லை என்பதுதான் என் எண்ணம்.

என் அக்கா மகன் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறான். சர்ச்சுக்குப் புது செட் வாங்கப் பணம் சேர்ந்திருந்தது. சென்னைக்கு வந்தவன், கடைக்குப் போவதற்கு முந்தின இரவு சாப்பிடும்போது கேட்டான்.

“மாமா, இருக்கிறதுலயே எந்த செட்டு சவுண்டு நல்லாருக்கும்?”

“யார் காதுக்குடா?”

“என் காதுக்குத்தான். வேற யார் காதுக்கு?”

நியாயமான பதில். வாசிக்கிறவன் அவன், குச்சி தோலில் பட்டுத் திரும்பும்போது கைக்கு ஏறும் உணர்வும் அவனுக்கு மட்டுமே உரியது. அந்த உணர்வு சரியில்லாவிட்டால் எவ்வளவு நல்ல செட்டும் அவனிடம் வாய் திறக்காது. ஆனால் ஒரு டிரம்மைக் கேட்பதற்கு மிக மோசமான இடம் டிரம்மருடைய ஸ்டூல். தோலுக்கும் அவன் காதுக்கும் இடையே இரண்டு மூன்று அடிதான். அந்தத் தூரத்தில் குச்சியின் ‘டிக்’கும், டாம் அடித்து ஓய்ந்த பிறகும் தொங்கிக்கொண்டிருக்கும் கீச்சொலியும் உள்ளதைவிடப் பெரிதாகக் கேட்கும். பேஸ் டிரம்மின் முன்முகமோ சபையைப் பார்த்திருக்கிறது; அவனுக்குக் கிடைப்பது அதன் முதுகு. உட்கார்ந்திருக்கிறவனுக்கு எரிச்சலூட்டும் அந்தக் கீச்சொலி, இருபதடி தள்ளி கிடாரும் கீபோர்டும் குரல்களும் சேர்ந்த பிறகு கேட்டால், டாமுக்கு உடம்பாகிவிடும். அதைத் தாங்க முடியாமல் தோலில் டேப் ஒட்டிக்கொண்டே போகும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காதுக்குச் சுத்தமான ஒலி வந்துவிடும். முன்வரிசைக்கு அட்டைப்பெட்டியைத் தட்டும் சத்தம் போகும்.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, தோல் அதிரும் விதத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஒரு கம்பியை மீட்டினால் அடிப்படை அதிர்வோடு சேர்ந்து எழும் மேலதிர்வுகள் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஒழுங்காக நிற்கும். காது அவற்றைச் சேர்த்துக் கட்டி ஒரே சுரமாகக் கேட்டுக்கொள்ளும். வட்டமாக இழுத்துக் கட்டிய ஒரு தோலில் அந்த ஒழுங்கு கிடையாது. அடிப்படையை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65 என்று போகின்றன. ஒன்றோடொன்று சேராத இந்தக் கூட்டத்தைக் காது எந்தச் சுரத்திலும் நிறுத்த முடியாமல் ‘தும்’ என்று எடுத்துக்கொள்கிறது. எங்கே அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்தக் கூட்டத்தில் யார் யார் எழுவார்கள் என்பதும் மாறும். நட்டநடுவில் அடித்தால் சில மேலதிர்வுகள் எழுவதே இல்லை. விளிம்போரம் தட்டினால் அவைதான் முதலில் குரல் கொடுக்கும். டியூன் செய்கிறவர்கள் ஒவ்வொரு திருகின் பக்கத்திலும் விரலால் தட்டித் தட்டிக் கேட்பது இதற்காகத்தான்.

நம் மிருதங்கம் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. வலந்தலையில் ஏற்றும் கரணை என்ற கறுப்புப் பூச்சு, முரண்டு பிடிக்கும் அந்த மேலதிர்வுகளை இழுத்து 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். 1934-இல் விரித்து எழுதினார். அதனால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி உண்டு. பாடகரின் சுருதி மாறினால் வித்வான் வேறு மிருதங்கத்தை எடுக்கவேண்டும் என்ற கட்டாயமும் அதனால்தான். மேற்கத்திய டிரம்ஸ் செட் அந்தப் பாதையில் போகவில்லை. சுருதி தெளிவற்றிருப்பதே அதன் சுதந்திரம்: பாட்டு எந்த ஸ்கேலில் இருந்தாலும் அதே செட், அதே கட்டு. இதற்கு அது கொடுக்கும் விலை, எது ‘சரி’ என்று அறுதியிட்டுச் சொல்லத் தம்புரா இல்லாமற்போவது. மிருதங்கம் வாங்கப் போகிறவருக்குச் சுருதி சேர்கிறதா என்று ஒரு கேள்வியாவது உறுதியாக இருக்கும். டிரம்ஸ் வாங்கப் போகிறவருக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. ஆகவே அவர் சத்தத்தின் அளவையோ, விலையையோ, தனக்குப் பிடித்த வாசிப்பாளர் எந்தக் கம்பெனி என்பதையோ பிடித்துக்கொள்கிறார்.

உண்மையில் பிடித்துக்கொள்ள வேண்டியது தோலை. டாமுக்கு இரண்டு தோல்கள். மேல்தோல் கைக்குப் பதில் சொல்கிறது. ஒலி எவ்வளவு நேரம் நிற்கும், எப்படி மறையும் என்பதைப் பெரும்பாலும் கீழ்த்தோல் முடிவு செய்கிறது. இரண்டையும் ஒரே சுருதிக்குக் கட்டினால் நீண்டு நிற்கும். கீழ்த்தோலைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டினால் சீக்கிரம் அடங்கும். ஒரே டாமை இந்த இரண்டு தோல்களையும் ஒரு சாவியையும் வைத்துக்கொண்டு பத்து விதமாகப் பேசவைக்கலாம். கடையில் வரிசையாக நிற்கும் செட்களில் அதை யாரும் செய்து வைத்திருப்பதில்லை. பெட்டியைப் பிரித்து, கைக்கு வந்தபடி திருகி, மேடையில் ஏற்றியிருப்பார்கள். மலிவு விலையிலும் நடுத்தர விலையிலும் வரும் செட்களுடன் வருகிற தோல்களும் பெரும்பாலும் ஒப்புக்குப் போட்டவைதான். ஆக, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு செட்களை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேர் எவ்வளவு அவசரமாகத் திருகினார்கள் என்பதைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

1950-கள்வரை டிரம்ஸ் செட்டிலும் கன்றுத்தோல்தான். மழைநாளில் தொய்யும், விளக்குச் சூட்டில் இறுகும். 1950-களின் நடுவில் பாலியஸ்டர் படலத்தைத் தோலாக்கும் முயற்சி அமெரிக்காவில் வெற்றி பெற்றது. சிக் எவன்ஸ் 1956-இல் அதில் இறங்கினார். ரெமோ பெல்லி 1957-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைப் படலம் இன்றுவரை பொதுப்பயன்பாட்டுக்கான அளவு. இன்னும் மெல்லிய இரண்டு படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் அடிதாங்கும், மேலதிர்வுகள் குறையும், மென்மையாக அடிக்கும்போது ஒலி கொஞ்சம் மந்தமாகும். கடலோர ஈரக்காற்றில் வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பிளாஸ்டிக் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, மார்கழிக் கச்சேரியில் குளிர்சாதனத்தோடு போராடும் மிருதங்கக்காரர்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மரம்? வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். என் வரிசையில் அது பின்னால் வருகிறது. மேப்பிள் இதமானது, பிர்ச் நடுவொலியைக் குறைத்து அடியையும் உச்சியையும் தூக்கும், மஹோகனி அடியில் கனமானது என்று சொல்வார்கள். பொய்யென்று தள்ளமாட்டேன். 1970-களின் நடுவில் ஸ்டீவ் காட் வாசித்துப் புகழ்பெற்ற யமஹா பிர்ச் செட் ஒலிப்பதிவுக் கூடங்களில் அவ்வளவு விரும்பப்பட்டதற்கு, மைக்கின் முன்னால் அது ஏற்கெனவே செதுக்கியதுபோல நின்றதும் ஒரு காரணம். ஆனால் அடிக்கும்போது அதிர்வது பெரும்பாலும் தோல். மரக்கூட்டின் அதிர்வு அதனோடு ஒப்பிடச் சிறியது. அந்த மரத்தின் பெயரைவிட, தோல் வந்து உட்காரும் விளிம்பை எப்படிச் சீவியிருக்கிறார்கள் என்பது காதில் தெளிவாகத் தெரியும். 45 பாகையில் கூர்மையாகச் சீவிய விளிம்பில் தோல் இழையளவே தொட்டு நிற்கும். ஒலி திறந்து நீளும். உருட்டிச் சீவிய விளிம்பில் தோல் அதிகம் படியும். ஒலி கனிந்து குறுகும். புரூக்ளினில் 1883-இல் தொடங்கிய கிரெட்ஷ் நிறுவனம் 30 பாகை விளிம்பையும், மேப்பிளும் கம் மரமும் கலந்த கூட்டையும், வார்ப்பு வளையத்தையும் சேர்த்து ஒரு குரலை உருவாக்கியது. டோனி வில்லியம்ஸ் 17 வயதில், 1963-இல், மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது வாசித்தது அந்தக் குரலில். அவர் வைத்திருந்தது 18 அங்குல பேஸ் டிரம்; அதையும் உயர்ந்த சுருதிக்குக் கட்டியிருந்தார். பிற்பாடு ராக்கின் பக்கம் சாய்ந்தபோது அதே கம்பெனியின் மஞ்சள் செட்டில் 24 அங்குலத்துக்குப் போனார். கம்பெனி மாறவில்லை, கை மாறவில்லை. சுற்றி நின்ற வாத்தியங்களின் சத்தம் மாறியது. கேட்கிறவர்கள் உட்கார்ந்த இடம் கிளப்பிலிருந்து பெரிய அரங்கமாக மாறியது. அளவுதான் முதலில் தீர்மானிக்கப்பட வேண்டியது. அதைத் தீர்மானிப்பதும் அறைதான்.

அறையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ஹெட்லி கிரேஞ்ச் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய ஏழையர் விடுதி. லெட் செப்பலின் குழு தங்கள் நான்காவது ஆல்பத்தின் பெரும்பகுதியை அங்கே பதிவு செய்தது. ஆல்பம் 1971 நவம்பரில் வெளியானது. குழுவின் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ் பின்னாளில் சொன்னபடி, டிரம்மர் ஜான் பானமுக்கு ஒரு செட் வந்து இறங்கியது. உதவியாளர்கள் அதை நுழைவுக்கூடத்திலேயே பொருத்திவைத்தார்கள். மூன்று மாடி உயரத்துக்கு மேலே போகும் படிக்கட்டுக் கூடம் அது. பானம் வந்து உட்கார்ந்து வாசித்தார். அந்த ஒலியைக் கேட்டதும் அதை அங்கிருந்து நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் டிரம்மின் பக்கத்தில் மைக் வைக்காமல் படிக்கட்டின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டின் தொடக்கத்தில் நாம் கேட்பது அதுதான். உலகம் முழுவதும் டிரம்மர்கள் இன்றும் பானம் ஒலி வேண்டும் என்று அவர் வைத்திருந்த 26 அங்குல லட்விக்கைத் தேடி வாங்குகிறார்கள். அந்தப் படிக்கட்டு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் செய்த நல்ல காரியத்தை யாரும் செய்யலாம்: செட் எங்கே நிற்கிறதோ அங்கே போய், தள்ளி நின்று, கேட்டார்கள்.

அமெரிக்காவில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் கட்டிய கூடத்துக்குக் கோயில்போல் உயர்ந்த மரக்கூரை. 1964 டிசம்பர் 9-ஆம் தேதி ஜான் கோல்ட்ரேன் அங்கே ‘எ லவ் சுப்ரீம்’ பதிவு செய்தபோது எல்வின் ஜோன்ஸ் வாசித்த சிம்பல்களின் ஓயாத அலைக்கு அந்தக் கூரையும் ஒரு வாத்தியம். அந்த இசைத்தட்டைக் கேட்டு அதே செட்டை வாங்கி நம் வீட்டுப் பத்துக்குப் பத்து அறையில் வைத்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

அக்கா மகனின் சர்ச்சை எனக்குத் தெரியும். சிமெண்ட் பூச்சுச் சுவர், உயரமான கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. கைதட்டினால் சத்தம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் நிறைந்தால் கொஞ்சம் குறையும். வாரநாள் ஜெபக்கூட்டத்தில் குறையாது. அந்த அறை ஏற்கெனவே ஒவ்வோர் அடியையும் நீட்டிக்கொடுக்கும். அங்கே நீண்டு ஒலிக்கும் டாம்களைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு அடி ஓய்வதற்குள் அடுத்த அடி வந்து விழுந்து எல்லாம் குழம்பிப்போகும். பாடுகிறவர்களின் சொற்கள் அதில் மூழ்கும். சர்ச்சில் சொல் கேட்காவிட்டால் வாசிப்பதற்கே பொருளில்லை. அவனுக்கு வேண்டியது சிறிய அளவு, குறுகிய ஒலி, மெல்ல அடித்தாலும் முழுதாகப் பேசும் தோல்.

மெல்ல அடிப்பது என்பது கடையில் நான் நம்பும் ஒரே சோதனை. ஓங்கி அடித்தால் எல்லா செட்டும் நன்றாகத்தான் ஒலிக்கும். பெரிய சத்தத்தை நல்ல சத்தமென்று எடுத்துக்கொள்ளும் பலவீனம் எல்லாக் காதுக்கும் உண்டு. பத்து நிமிடம் ஓங்கி அடித்த பிறகு காது களைத்து எதையும் பிரித்துப் பார்க்காது. கடையோ மேலும் ஏமாற்றும் இடம்: தாழ்ந்த கூரை, கார்ப்பெட், சுற்றிலும் அடுக்கிய பெட்டிகள் எல்லாம் ஒலியைக் குடித்துவிடும். ஒரு பக்கம் அடித்தால் அலமாரியில் இருக்கும் மற்ற ஸ்நேர்களின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து சலசலக்கும். அந்தச் சலசலப்பில் பாதியை நாம் அடிக்கும் செட்டின் கணக்கில் எழுதிவிடுவோம். மெல்லத் தட்டும்போது மட்டும் ஒரு டிரம்மால் ஒளிந்துகொள்ள முடியாது. ஸ்நேரின் கம்பிகள் விரல் நுனித் தட்டலுக்கும் பதில் சொல்கின்றனவா, ஃப்ளோர் டாம் மெல்லிய அடியில் சுருதியோடு எழுகிறதா அல்லது தூங்குகிறதா, இரண்டு டாம்களுக்கு நடுவே குரல் ஒரே குடும்பமாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நல்ல வாசிப்பாளர்கள் கடைக்குள் நுழைந்ததும் அமைதியாக வாசிப்பதைக் கவனித்திருக்கிறேன்.

மறுநாள் கடையில் அக்கா மகனை ஸ்டூலிலிருந்து எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைப்பையன் நன்றாக வாசிக்கிறவன். அவனை உட்காரவைத்து ஒரே தாளத்தைப் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு செட்டிலும் வாசிக்கச் சொல்லிவிட்டு நாங்கள் வாசல் கண்ணாடிக் கதவு வரை போனோம். அக்கா மகன் அதுவரை ஆசைப்பட்டிருந்தது 22 அங்குல பேஸ் டிரம்மும் ஆழமான டாம்களும் உள்ள மேப்பிள் செட். கதவுப் பக்கத்திலிருந்து கேட்டபோது அதன் டாம்கள் ஒன்றோடொன்று கரைந்துபோயின. பக்கத்திலிருந்த 20 அங்குல பிர்ச் செட், உட்கார்ந்து கேட்டபோது சப்பென்று இருந்தாலும், கதவுப் பக்கத்துக்கு ஒவ்வோர் அடியாக வந்து சேர்ந்தது.

“மாமா, இது வேற செட்டு மாதிரி இருக்கு,” என்றான்.

கடைப்பையன் வாசிப்பதை நிறுத்தவில்லை. அவனுக்கு நாங்கள் என்ன கேட்கிறோம் என்பது புரிந்திருந்தது. தானாகவே சத்தத்தைக் குறைத்து ஒரு முறை வாசித்துக் காட்டினான்.

மூன்றாவது காது ஒன்று இருக்கிறது. இளையவர்களிடம் அதுதான் மிகுந்த அதிகாரம் செலுத்துகிறது. மைக்கின் காது. 1966-இல் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ பதிவின்போது ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் ரிங்கோவின் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை அதுவரை வழக்கமில்லாத அளவுக்கு நெருக்கிவைத்தார். அவர்களுடைய ‘கம் டுகெதர்’ பாட்டில் டாம்களின் மேல் துண்டு விரித்திருந்தது. 1980-இல் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் சிம்பல்களே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட, லண்டன் டவுன்ஹவுஸ் கூடத்தில் ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்கம் அறைப்பேச்சுக்காக வைத்திருந்த மைக்கின் வழியே ஃபில் காலின்ஸின் அடிகள் பெருத்து எழுந்து திடுமென்று வெட்டுண்டு நின்றன. மறு ஆண்டு காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ வந்த பிறகு அந்தப் பத்தாண்டு முழுவதும் பாதி உலகம் அப்படி ஒலித்தது. இன்றைய பாட்டுகளில் அடித்த அடியை எடுத்துவிட்டு முன்பே பதிந்துவைத்த ஓர் அடியை அங்கே வைப்பது சாதாரண வழக்கம். இவற்றை நான் மட்டமாக நினைக்கவில்லை. அவற்றில் சில என் வாழ்நாள் முழுவதும் கூட வந்த பாட்டுகள். ஆனால் இவற்றைக் கேட்டே வளர்ந்த ஒரு பையன் அந்த ஒலியைத் தலைக்குள் சுமந்துகொண்டு கடைக்கு வருகிறான். மரமும் தோலும் மட்டும் கொண்ட எந்தப் பொருளாலும் அந்த ஒலியைத் தரமுடியாது. அவன் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் ஏதோ குறைகிறது என்று முகம் வாடி, கடைசியில் எது விலை அதிகமோ அதில் அது இருக்குமென்று நம்பிவிடுகிறான். அவனோடு கூடப் போகிறவர்கள் செய்யக்கூடிய ஒரே உதவி, மைக்கில்லாமல் ஒரு நல்ல வாசிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பை முன்கூட்டியே ஏற்படுத்தித் தருவது. அதற்குப் பிறகு அவன் காது தானே திருந்திக்கொள்ளும்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு செட்டில் காதை முழுக்கச் செலவழிக்க வேண்டிய இடம் டிரம்களில் இல்லை என்றே நினைக்கிறேன். டிரம்மை மாற்றலாம். தோலை மாற்றலாம், இறுக்கலாம், தளர்த்தலாம், விளிம்பைச் சீவிக் கொடுக்க ஆள் தேடலாம். சிம்பலை ஒன்றும் செய்யமுடியாது. 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம், உருட்டி, சுத்தியலால் அடித்து, கடைந்து முடித்த கணத்தில் அதன் குரல் நிலைத்துவிடும். கான்ஸ்டாண்டிநோபிளில் 1623-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஸில்ஜியான் குடும்பத்தின் தொழில் 1929-இல் அமெரிக்காவுக்குக் கிளை விட்ட பிறகும், இஸ்தான்புல்லில் கையால் அடித்த பழைய ‘கே’ முத்திரைச் சிம்பல்களையே ஜாஸ் வாசிப்பாளர்கள் தேடினார்கள். அமெரிக்காவில் அவற்றை இறக்குமதி செய்தது கிரெட்ஷ் கம்பெனி. வாசிப்பாளர்கள் புரூக்ளின் கிடங்குக்கே போய், குவியலில் ஒவ்வொன்றாக மாட்டித் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே அளவு, ஒரே எடை, ஒரே முத்திரை. குரல் மட்டும் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஜாஸில் தாளத்தைச் சுமப்பது பேஸ் டிரம்மைவிட ரைடு சிம்பல்தான். அவர்கள் அங்கே செலவழித்த நேரம் வீணில்லை.

நாம் வாங்கும் செட்டின் விலையில் பெரும்பாலும் சிம்பல் சேர்ந்திருப்பதில்லை. சேர்ந்து வந்தாலும் மெல்லிய பித்தளைத் தகடாக இருக்கும். பணத்தையெல்லாம் டிரம்களில் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சத்துக்குச் சிம்பல் வாங்குவதுதான் நம்மூர் வழக்கம். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். சிமெண்ட் சுவர் அறையில் கூட்டத்தின் காதை முதலில் குத்துவதும் சிம்பல்தான். மெல்லிய, சற்று இருண்ட குரலுள்ள கிராஷ் அங்கே செய்யும் உபகாரத்தை எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கண்ணாடித் தடுப்பு வைத்தாலும் செய்யமுடியாது.

அன்று கடையில் அந்த 20 அங்குல பிர்ச் செட்டையே எடுத்தோம். கூடவே கால் மில்லிமீட்டர் ஒற்றைத் தோல் ஒரு வரிசை, வெள்ளைப் பூச்சுள்ளது. செட்டுடன் வந்த தோல்களைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஒத்திகைக்கு ஆகும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அக்கா மகனுக்கே விட்டுவிட்டேன். ரிங்கோவின் கதையைச் சொன்ன பிறகு அதில் வாய் வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அடர்சிவப்பு எடுத்தான். ஹைஹாட்டும் ஒரு மெல்லிய 16 அங்குல கிராஷும் கிடைத்தன. ரைடு கிடைக்கவில்லை. அங்கே தொங்கியவற்றில் ஒன்று மணியோசையை அதிகம் கொட்டியது, இன்னொன்று அடிக்க அடிக்கச் சேர்ந்து பெருகி அடுத்த அடியை விழுங்கியது. சர்ச்சில் இருக்கும் பழைய ரைடு ஒரு ஓரம் விரிசல் விட்டது. ஆனாலும் அதன் மெல்லிய அடிக்கு ஒரு தெளிவு உண்டு என்று அவன் சொன்னான். அடுத்த முறை வரும்போது அதையும் துணியில் சுற்றி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். புதியதைப் பக்கத்தில் மாட்டி, இரண்டையும் கதவோரம் நின்று கேட்டுவிட்டு வாங்கலாம்.